பணியாளரும் நம் சகோதரரே



விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு குகைக்கோயிலைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இதை ஆக்கியதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அரசனின் பட்டப்பெயர் அதில் இருக்கிறது. உளி பிடித்த ஒருவரின் பெயரும் இல்லை. அது மன்னராட்சிக் காலம். நம் கடையில் வேலை செய்யும் பையனை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோமா, அல்லது "டேய்" என்கிறோமா?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசியபோது, "உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது" என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்களே. நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் அளியுங்கள். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்றும் போதித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

அனஸ் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர். சிறுவராயிருந்த அவரை ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவரோ தெருவில் விளையாடும் சிறுவர்களைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை அவர் பிடரியைப் பற்றியது. திரும்பினால் நபியவர்கள், சிரித்த முகத்துடன்! "உனைஸ்" என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று பத்தாண்டுகளில் ஒருமுறையும் தம்மைக் கடிந்ததில்லை என அவரே பிற்காலத்தில் அறிவித்தார்கள். அத்தகைய முதலாளியிடம் தவறைச் சொல்ல யாருக்கு அச்சம் வரும்? நம் கடைகளில் கணக்குப் பிசகினால் பையன் மறைப்பது பெரும்பாலும் திருட்டுப் புத்தியால் அன்று, நம் வசவுக்கு அஞ்சியே.

நபியவர்களுக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது, அவர் வீட்டிற்கே சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். ஜும்ஆவுக்கு நேரம் கேட்கும் நாம், நம்மிடம் பணிபுரியும் மாற்று மதத்தவர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுப்புக் கேட்டால் முகம் சுளிப்பது நியாயமா?

பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்க 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் எனத் தமிழகமும் 2021 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. காலை முதல் இரவு வரை நின்றே துணி விரிக்கும் சகோதரிகளின் கால் வீக்கத்தை நாம் பார்க்கத் தவறியதால்தான் அரசு சட்டம் போட நேர்ந்தது. இந்த ஜும்ஆ முடிந்து கடை திறக்கும்போது, கல்லாவுக்குப் பின்னால் நமக்கு இருக்கும் நாற்காலியைப் போல் அவர்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.