முள்ளெலி உடலில் கட்டியா? உடனே பரிசோதியுங்கள்

ஹைதராபாத்தின் கச்சிபௌலி போன்ற அடுக்குமாடிப் பகுதிகளில், நாய் வளர்க்க இடமில்லாதவர்கள் சிறு பிராணிகளை விரும்புகிறார்கள். அவற்றில் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியும் ஒன்று. பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டுகளே வாழும் இதை, 3 வயதுக்குப் பிறகு அதிகம் தாக்குவது புற்றுநோய். இவற்றுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுக்கட்டிகளே. ஆகவே, சோர்ந்து கிடந்தால் “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடக் கூடாது.

எங்கே வரும்?

பெண் முள்ளெலிகளுக்கு மார்புச் சுரப்பியிலும் கருப்பையிலும் கட்டிகள் வரும். வாயில் வரும் செதிள் செல் புற்றுநோயும், நிணநீர்ப் புற்றுநோயும் இருபாலையும் தாக்கும்.

அறிகுறிகள்

• இரை எடுப்பது குறைதல், எடை இறங்குதல்
• வயிற்றுப்புறத்தில் தட்டுப்படும் முடிச்சு
• தாடை வீக்கம், பல் ஆட்டம், வாயில் ரத்தம்
• பெண் முள்ளெலியின் சிறுநீரோடு ரத்தம்

வாய்ப்புற்று ஈறு நோய் போலவும், கருப்பைக் கட்டியின் ரத்தக்கசிவு சிறுநீர்த் தொற்று போலவும் தோன்றும். ஏசி குளிரிலும் முள்ளெலி மந்தமாகும். அறை வெப்பத்தை 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்காதீர்கள்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

தொட்டதும் பந்தாகச் சுருண்டுகொள்வதால், ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் கொடுத்தே வாயையும் வயிற்றையும் முழுமையாகப் பார்க்க முடியும். மெல்லிய ஊசியால் கட்டியின் செல்களை எடுத்துப் பார்ப்பது முதல் படி. மார்பு எக்ஸ்ரே நுரையீரலுக்கு நோய் பரவியதா என்று காட்டும்; வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் உதவும். கட்டி எந்த வகை என்பதை உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான். அறுவை செய்து நீக்கிய கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சில நூறு கிராமே உள்ள உயிருக்கு 30 கிராம் குறைவதும் பெரிய இழப்பு. மருத்துவமனையை அழைத்து, சிறு பிராணிகளைப் பார்த்த அனுபவமும் வாயு மயக்க வசதியும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அருகே வழியில்லையென்றால், ராஜேந்திரநகர் கால்நடை அறிவியல் கல்லூரியில் விசாரியுங்கள்.

சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் கட்டியை நீக்க வாய்ப்பு அதிகம். பரவியிருந்தாலும், வலி தணிக்கும் மருத்துவம் உண்டு. முடிச்சு தட்டுப்பட்டால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.