மவுண்டிங் ரப்பர்: கிலோமீட்டருக்கு ஆறரைக் காசு

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் 702 சிசி. சக்தி 16 குதிரைத்திறன், முறுக்கு விசை 38 நியூட்டன் மீட்டர், டர்போ கிடையாது. 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது: மூன்று சிலிண்டர், 1,478 சிசி, டர்போ, 58 குதிரைத்திறன், 157.5 நியூட்டன் மீட்டர். ஆறே ஆண்டில் சின்ன லோடு வண்டியின் முறுக்கு விசை நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது.

அந்த நான்கு மடங்கையும் தாங்குவது, இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய ஒரு பிடி ரப்பர். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியும் உப்பும் ஏற்றுகிற வண்டிகளில் இந்த மவுண்டிங் ரப்பர் கிழிந்தால், “இன்னும் ஹார்டா போட்டுடலாமா?” என்ற பேச்சு வந்துவிடும். போடலாமா என்பதை எண்களை வைத்தே பார்ப்போம்.

கணக்கின் அடிப்படை

வண்டிக்கு வண்டி மாறக்கூடிய சில எண்களைக் கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோ. முன்புற மவுண்டிங் இரண்டும் தலா 65 கிலோவும், பின்புறத்தில் இருப்பது 70 கிலோவும் தாங்குகின்றன. முன்புற இரண்டுக்கும் இடைவெளி அரை மீட்டர். முதல் கியர் விகிதம் 4. எடை ஏறியதும் ரப்பர் 3 மி.மீ. அமுங்குகிறது.

ரப்பரின் கடினத்தன்மையை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள். மேலே சொன்ன 3 மி.மீ. ஷோர் 50 ரப்பருக்கு. இயற்கை ரப்பரின் சறுக்கு விறைப்பு 50 எண்ணில் 0.64 மெகாபாஸ்கல், 60-இல் 1.06, 70-இல் 1.73. அதாவது 50-லிருந்து 60-க்குப் போனால் விறைப்பு 1.66 மடங்கு, 70-க்குப் போனால் 2.7 மடங்கு. கடினத்தன்மை எண் பத்துப் பத்தாக ஏறும்போது, விறைப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது.

வரவு: என்ஜின் ஆட்டம் குறைகிறது

157.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 630 நியூட்டன் மீட்டர். முழு லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது என்ஜினைப் பக்கவாட்டில் புரட்டப் பார்ப்பது இந்த விசைதான். அரை மீட்டர் இடைவெளிக்கு 1,260 நியூட்டன்: ஒரு பக்கம் 128 கிலோ தூக்கும், மறுபக்கம் 128 கிலோ அமுக்கும். ஒரு மவுண்டிங் தாங்குவதே 65 கிலோ. எனவே ஒரு பக்க ரப்பர் அமுங்குவதை விட்டுவிட்டு இழுபடத் தொடங்குகிறது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிவது இந்த இழுப்பில்தான்.

என்ஜின் மையத்திலிருந்து அரை மீட்டர் மேலே, டர்போ ஹோஸ் இருக்கும் உயரத்தில், ஆட்டம் இவ்வளவு வருகிறது:

ஷோர் 50: 12 மி.மீ.
ஷோர் 60: 7 மி.மீ.
ஷோர் 70: 4.4 மி.மீ.

ஹோஸ் கிளாம்ப் கழல்வதும், சைலன்சர் பைப்பின் வளைவு விரிசல் விடுவதும், ஃபேன் இறக்கை உறையில் உரசுவதும் இந்த மில்லிமீட்டர்களால்தான். கடினமான ரப்பருக்கு ஆதரவாக இருக்கும் வாதம் இதுதான், உண்மையான வாதமும்கூட.

ஆனால் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால், திடீரென்று ஏறும் சுமை ரப்பரை இரண்டு மடங்கு வரை நகர்த்தும். 12 மி.மீ. 24 ஆகும். கிளட்ச்சை நிதானமாக விடுவதே ஆட்டத்தைப் பாதியாக்கிவிடும். செலவு: பூஜ்யம்.

பற்று: ஐடிலில் நடுக்கம் ஏறுகிறது

800 ஆர்பிஎம் ஐடிலில் மூன்று சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 20 முறை எரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு 72,000 வெடிப்பு. 3 மி.மீ. அமுங்கும் ரப்பரின் இயல்பு அதிர்வெண், அதாவது அதன் மேல் என்ஜின் தானாக ஆடும் வேகம், நொடிக்கு 9.1. எரியும் எண் இதைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நடுக்கம் சேசிஸுக்குப் போகாமல் நிற்கும். ரப்பர் விறைத்தால் இயல்பு அதிர்வெண் ஏறி, 20-ஐ நெருங்கிவிடும். என்ஜினின் நடுக்கம் 100 என்றால் சேசிஸுக்குப் போய்ச் சேரும் பங்கு:

ஷோர் 50: ஐடிலில் 26, 2,000 ஆர்பிஎம்மில் 3.4
ஷோர் 60: ஐடிலில் 52, 2,000 ஆர்பிஎம்மில் 5.8
ஷோர் 70: ஐடிலில் 127, 2,000 ஆர்பிஎம்மில் 9.8

இவை ரப்பரின் சொந்தத் தணிப்பைச் சேர்க்காத எண்கள். தணிப்பைச் சேர்த்தால் 127 கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் போக்கு மாறாது. ஷோர் 70-இல் ரப்பர் நடுக்கத்தைத் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியே அனுப்புகிறது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 37 கி.மீ. ஓடுகிற முக்கால் மணி நேரத்தில் கடினமான ரப்பரின் தொல்லை பெரிதாகத் தெரியாது. மண்டி வாசலில் லோடு இறங்கும் வரையிலும், உப்பளத்தில் முறைக்குக் காத்திருக்கும்போதும் என்ஜினை அணைக்காமல் நிற்பார்கள். தெரிவது அங்கேதான். ஸ்டியரிங் வழியாகக் கைக்கும், சீட் வழியாக இடுப்புக்கும் ஏறும். கை அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைக்கு 2.5 மீட்டர்/நொடி² என்ற அளவிலேயே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 5-க்கு மேல் போகவே கூடாது என்கிறது. அதிர்வை வேலைக்களத்துத் தீங்காக எண்ணி எழுதிய சட்டம் அது. ரப்பரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை டிராக்டர் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் போதும். பெரும்பாலான டிராக்டர்களில் என்ஜின் பிளாக்கே முதுகெலும்பு. ரப்பருக்கு அங்கே இடமில்லை.

ரூபாய்க் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்கு ரப்பர் ஒன்று வரியோடு 900 ரூபாய், மூன்றுக்கு 2,700, கூலி 1,200 என்று வைப்போம். மொத்தம் 3,900. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. முன்பு 28 விழுக்காட்டில் இருந்த பாகமாக இருந்தால் இதே மூன்றுக்கு 229 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்போம்.

ஒரு செட் 60,000 கி.மீ. உழைத்தால் கிலோமீட்டருக்கு ஆறரைக் காசு. டீசல் லிட்டர் 93 ரூபாய், மைலேஜ் 15 என்றால் டீசலுக்கு மட்டும் 6 ரூபாய் 20 காசு. மவுண்டிங் செலவு டீசல் செலவில் ஒரு விழுக்காடுதான்.

ஷோர் 70 ரப்பர் இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்றே ஒப்புக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு மிச்சம் 975 ரூபாய், மாதத்துக்கு 81. இதற்காக ஓட்டுநரின் உடம்பு ஐடிலில் ஏறக்குறைய ஐந்து மடங்கு நடுக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சம் உரிமையாளர் பையில், வலி ஓட்டுநர் இடுப்பில். இது நியாயமான கணக்கு இல்லை.

பனி வண்டிக்குச் சரி, லோடு வண்டிக்கு இல்லை

கடின ரப்பர் எங்குமே கூடாது என்பதில்லை. பனியில் ஓடும், டர்போ போட்ட ஸ்னோமொபைல்களில் கடின மவுண்டிங் நல்ல பலன் தருகிறது. அவற்றில் என்ஜினிலிருந்து சக்தி ரப்பர் பெல்ட் வழியாகத் தனி புல்லிக்குப் போகிறது. என்ஜின் நகர்ந்தால் இரண்டு புல்லிகளுக்கும் உள்ள தூரம் மாறி பெல்ட் கருகும். ஆகவே என்ஜினை இறுக்கிப் பிடிக்க அங்கே காரணம் இருக்கிறது. நம் லோடு வண்டியில் கியர்பாக்ஸ் என்ஜினோடே போல்ட் போட்டு ஒன்றாக ஆடுகிறது. மிச்ச ஆட்டத்தைப் பின்னால் உள்ள ஜாயிண்ட் வாங்கிக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை

ரப்பரை மாற்றுவதற்கு முன் ஒழுகலை நிறுத்துங்கள். டீசலும் ஆயிலும் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும்; புதிய செட்டும் அதே கதிதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. டர்போ பக்கத்து மவுண்டிங் முதலில் வெடிக்கிறது என்றால், அங்கே இருந்த வெப்பத் தடுப்புத் தகடு கழன்று போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்; தனித்தனியாக மாற்றினால் கூலி 3,600, சேர்த்து மாற்றினால் 1,200.

என்ஜின் மூடியைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் கியர் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விட, மற்றவர் தள்ளி நின்று என்ஜினைக் கவனிக்கட்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வந்தால் ரப்பர் பிரிந்துவிட்டது.

நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடி, நிற்கும்போது என்ஜினை அணைக்கும் வண்டிக்கு ஷோர் 60 பொருந்தும். மண்டியில் ஐடிலில் நிற்கும் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவே சரி. ஷோர் 70 இரண்டுக்குமே வேண்டாம். ரப்பர் வாங்கும்போது கடினத்தன்மை எண்ணைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எதைப் போடுவது என்று முடிவு செய்யும்போது எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிறவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.