கார் முதலா, கூரை முதலா?
வடக்கு கொல்கத்தாவில் ஒரு பழைய வீடு. வாசல் போர்டிகோவின் கூரையை மூன்று மூங்கில் முட்டுகள் தாங்குகின்றன. அவற்றுக்கு நடுவே கதவுகள் கழற்றப்பட்ட 1965ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். வீடு, கார் இரண்டுமே முட்டுக் கொடுத்துத்தான் நிற்கின்றன.

"உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. கார் வெளியே போனால்தான் கை வைப்பேன்" என்கிறார் கொத்தனார். கார் நகராது. முன்சக்கரம் ஒன்று மடங்கிக் கிடக்கிறது. ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிடும். போர்டிகோவுக்கு நேர் மேலே உள்ள அறையில்தான் வீட்டுக்காரரின் 84 வயது அம்மா இருக்கிறார். போன மழைக்கே கட்டிலுக்கு அடியில் பாத்திரம் வைத்தாயிற்று.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். தூதரக ஊழியர் ஒருவர் விட்டுப்போன காரை அவருடைய அப்பா வாங்கினாராம். ஆளுக்கு மூத்த சொத்து மாதிரி அதன் மேல் பாசம்.

1962இல் வந்த ஸ்பிட்ஃபயருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. மேனி புதிது, எலும்பு பழையது. ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டினார்கள். அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்தது. பானெட்டைத் தூக்கினால் காரின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழுமே, அந்தக் கார்தான். கொல்கத்தா ஸ்பிட்ஃபயருக்குச் சென்னை உறவு இப்படி.

சக்கரம் மடங்கியதற்குக் காரணம் ட்ரன்னியன் என்ற உள்ளங்கை அளவு பித்தளைத் துண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு இதற்குள் திருகாணிபோலச் சுழலும். இதற்கு விட வேண்டியது கெட்டியான கியர் ஆயில். யாரோ ஒரு மெக்கானிக் வருடக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார். கிரீஸ் மரைகளுக்குள் இறங்கவில்லை. உள்ளே தண்ணீர் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் தண்டே முறிந்தது. ஓட்டும்போது நடந்திருந்தால்? அவர் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்.

கதவுக்கடியில் ஓடும் தகரப் பெட்டியான சில்லும் இற்றுப்போயிருந்தது. ஹெரால்டில் இருந்த பக்கச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் கிடையாது. பாரத்தில் பெரும்பங்கு சில்லின் மேல்தான். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு மூடவே மூடாது. இதை அறியாமல் முதலில் பெயிண்ட் அடித்து அழகு பார்ப்பவர்கள் ஏராளம்.

வீட்டிலும் அதே கதை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். முந்தைய ரிப்பேரில் அதன்மேல் பளபளவென்று சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, உத்தரத்தின் நுனி ஊறி, கரையானுக்கு விருந்தாயிற்று. சிமெண்ட்டைக் கொத்தி எடுத்த பிறகுதான் அது தெரிந்தது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெரால்டு ஒன்றிலிருந்து கழற்றிய தண்டும் ட்ரன்னியனும் மே கடைசியில் பார்சலில் வந்தன. மறுநாளே நான்கு பேர் காரைத் தள்ளி எதிர்வீட்டுக் கொட்டகையில் விட்டார்கள். கொத்தனார் இரும்பு உத்தரம் ஏற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, வெல்லப்பாகு கலந்த தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டவைத்தார். நம் ஊர் மெட்ராஸ் டெரஸுக்கு இது தூரத்துச் சொந்தம்.

2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய காருக்கு தனிப் பதிவு எண் வாங்கலாம். தினசரி ஓட்ட முடியாது. அதற்குள் சில் வேலை முடிய வேண்டும். முதல் மழையன்று மாடி அறையில் சொட்டு விழவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா காரை எப்போ வீட்டுக்குள்ளே கொண்டுவரப் போறே?"