எண் இல்லாச் சீட்டுகள்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். பொழுதையும் பொருளையும் ஒருங்கே விழுங்குவது என்ற பழி அதற்கு நெடுநாளாக உண்டு. ஆயினும், நாரையும் நிலவும், மானும் மழையும், பூவும் புல்லும் எழுதிய 48 சிற்றட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மக்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பருவங்களின் வரவையே விளையாடி வருகின்றனர் எனின், இலக்கிய அன்பர்கள் அதனை வெறுஞ் சூது என்று ஒதுக்கிவிடல் தகாது. யப்பானியர் இச்சீட்டை ஹனபுடா என்பர். மலர்ச்சீட்டு என்பது பொருள். இன்று அது கைத்தொலைபேசித் திரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதனைத் தொட்டு விளையாடுகின்றனர். அட்டையிலிருந்து கண்ணாடிக்குக் குடிபெயர்ந்த இவ்வாட்டத்தில் எது எஞ்சியது, எது கழிந்தது என்பதையே இங்குச் சிறிது நோக்க விரும்புகிறேன்.

இதன் மூதாதை யப்பானில் பிறந்ததன்று. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டை அடைந்த போர்த்துக்கேயரே தம் கப்பல்களில் சீட்டுக்கட்டையும் கொண்டுசென்றனர். அவர்களுடைய ‘கார்த்தா’ என்ற சொல் யப்பானிய நாவில் ‘கருத்தா’ ஆயிற்று. அதே போர்த்துக்கேயர் நம் கரையிலும் இறங்கியவர்களே. நாம் வழங்கும் ‘கடதாசி’ என்ற சொல்லையும் அவர்கள் மொழியோடு தொடர்புபடுத்துவார் உளர். யாழ்ப்பாணத்தில் சீட்டாடுவதைக் ‘கடதாசி விளையாடுதல்’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு. யப்பானில் 1639ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் முற்றாக வெளியேற்றப்பட்டனர். சீட்டு மட்டும் வெளியேற மறுத்தது. தொக்குகவா ஆட்சியாளர் சூதாட்டத்தைத் தடுக்க மீண்டும் மீண்டும் ஆணை பிறப்பித்தனர். ஒரு வகைச் சீட்டைத் தடுத்தால் வேறொரு வடிவில் மற்றொன்று தலைகாட்டியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தோன்றிய மலர்ச்சீட்டில் எண்ணே இல்லை. எண்ணுள்ள சீட்டைத்தானே அதிகாரி தேடுவான்? இதில் அவன் காண்பது பூ. தடைக்குத் தப்பவே எண் நீங்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

காரணம் எதுவாயினும் விளைவு வியப்புக்குரியது. எண் நீங்கிய இடத்தில் இயற்கை பற்றிய அறிவு வந்து அமர்ந்தது. மாதம் ஒன்றுக்கு நான்கு சீட்டாகப் பன்னிரு மாதங்கள். முதல் மாதம் பைன் மரம். அதனடியில் செஞ்ஞாயிற்றைப் பார்த்து நிற்கும் நாரை. இரண்டாவது பிளம் பூ. அதிலே கதிர்க்குருவியினப் பாடும் பறவை ஒன்று. மூன்றாவது செரி, பூக்காணச் சென்றோர் கட்டிய திரைச்சீலை. நான்காவது விஸ்டேரியாக் கொத்து, ஐந்தாவது ஐரிஸ், ஆறாவது வண்ணத்துப்பூச்சி வந்து மொய்க்கும் பியோனி. ஏழாவது ஹகி என்னும் சிறு செடி. அதன் நடுவே காட்டுப்பன்றி. எட்டாவது நாணல் போன்ற புல் மூடிய மேட்டின்மேல் முழுநிலவு. ஒன்பதாவது செவ்வந்தியும் மதுக்கிண்ணமும். பத்தாவது செம்மேப்பிள் இலைகளினிடையே முகந்திருப்பி நிற்கும் மான். பதினொன்றாவது வில்லோ மரமும் மழையும். பன்னிரண்டாவது கிரி என்னும் மரமும் பீனிக்ஸ் பறவையும். ‘கிரி’ என்ற ஒலிக்கு ‘முடிவு’ என்ற பொருளும் யப்பானிய மொழியில் உண்டாதலால் ஆண்டின் முடிவுக்கு அம்மரத்தை வைத்தனர் என்பர். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று தொல்காப்பியத்திற் கற்ற நம் மாணவர்க்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும்.

பதினொன்றாம் மாதத்து மழைச்சீட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குடைபிடித்த பெரியார் ஒருவர் ஓடைக்கரையில் நிற்கிறார். அவர் காலடியில் ஒரு தவளை. அவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓனோ நோ மிச்சிக்காசே என்னும் எழுத்துக்கலைஞர். தம் கலை கைவராதென மனந்தளர்ந்திருந்த வேளையில், எட்டாத வில்லோக் கிளையை நோக்கித் தவளை மீண்டும் மீண்டும் தாவுவதைக் கண்டு ஊக்கம் பெற்றார் என்பது கதை. யப்பானில் பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட அக்கதை, சூதாடியின் கையிலும் ஒரு சீட்டாக இருந்தது.

இச்சீட்டால் ஆடும் ஆட்டங்கள் பல. இருவர் ஆடுவதற்கு உகந்ததும், திரையில் மிகுதியாகக் காணப்படுவதும் கொய்-கொய் என்பது. ஆளுக்கு 8 சீட்டு, நடுவில் 8 சீட்டு, எஞ்சிய 24 கவிழ்த்த அடுக்கு. கையிலுள்ள பூவை நடுவிலுள்ள அதே பூவோடு சேர்த்து இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த சீட்டுகளில் சில கூட்டங்கள் அமைந்தால் புள்ளி. பன்றியும் மானும் வண்ணத்துப்பூச்சியும் ஒரு கூட்டம். செரித்திரையும் கிண்ணமும் சேர்ந்தால் பூப்பார்க்கும் விருந்து. நிலவும் கிண்ணமும் சேர்ந்தால் நிலாப்பார்க்கும் விருந்து. மழைச்சீட்டு வந்துவிட்டால் அவ்விரு விருந்தும் கெட்டன என்று வைத்து ஆடும் வீடுகளும் உண்டு. கூட்டம் ஒன்று அமைந்ததும் ஆடுபவர் நிறுத்திப் புள்ளியைப் பெறலாம். அல்லது ‘கொய்-கொய்’ என்று கூவி மேலும் தொடரலாம். தொடர்ந்தபின் எதிராளி முந்திக்கொண்டால் அச்சுற்றில் நமக்கு ஒன்றுமில்லை. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு ‘வா, வா’ என்று பொருள். பூப்பறிக்கும் ஆட்டத்தில் ‘கொய், கொய்’ என்ற குரல் கேட்டால் தமிழன் செவி சிலிர்க்காதிருக்குமோ! பேராசிரியர் சுசுமு ஓனோ அவர்களும் நம் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் தமிழ்-யப்பானிய உறவை ஆராய்ந்தது தனிக்கதை. இந்த ஒற்றுமை வெறுந் தற்செயல் என்றே கொள்கிறேன். ஆயினும் இனிய தற்செயல்.

இவ்வாட்டத்தைத் திரைக்குக் கொண்டுசென்றோருள் முதன்மையானவர் யார் என்பது இன்னும் சுவையானது. 1889இல் கியோத்தோ நகரில் புசஜிரோ யமவுச்சி என்பவர் மலர்ச்சீட்டுச் செய்யும் சிறு கடையொன்றைத் தொடங்கினார். அதுவே நின்டெண்டோ. உலகெங்கும் பிள்ளைகள் அறிந்த காணொளி ஆட்ட நிறுவனம் சீட்டுக்கடையாகப் பிறந்தது. நெப்போலியன் உருவம் பொறித்த பெட்டியில் அது விற்கும் மலர்ச்சீட்டு இன்றும் கடைகளிற் கிடைக்கிறது. அந்த நிறுவனமே 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தன் ஸ்விட்ச் கருவிக்கென 51 உலக ஆட்டங்களின் தொகுதியொன்றை வெளியிட்டபோது, அதில் மலர்ச்சீட்டையும் சேர்த்தது. அதற்கு முன்னும் பின்னும் பிறர் செய்த கைத்தொலைபேசி ஆட்டங்கள் பல.

கொழும்பிலுள்ள என் தங்கையின் மகன் பன்னிரண்டு வயதினன். அவன் கைத்தொலைபேசியில் கொய்-கொய் ஆடி இயந்திரத்தைத் தொடர்ந்து வெல்வதை அருகிருந்து பார்த்தேன். கையிலுள்ள சீட்டைத் தொட்டதும், நடுவில் அதனோடு சேரக்கூடிய சீட்டு ஒளிர்கிறது. சீட்டின் மூலையில் மாதத்தின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறது. கூட்டம் அமைந்தால் அதன் பெயரும் புள்ளியும் தாமே தோன்றுகின்றன. “இது என்ன பூ, தம்பி?” என்று ஒன்றைக் காட்டி வினவினேன்.

“பூ எதெண்டு தெரியத் தேவையில்லை, மாமா. மினுங்கிறதைத் தொட்டாச் சரி” என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. அதுவே என்னை உறுத்தியது. அதிகாரியின் கண்ணுக்குத் தப்ப எந்த எண்ணைக் கைவிட்டார்களோ, அந்த எண்ணைத் திரை மீட்டுக்கொண்டுவந்து மூலையில் ஒட்டிவிட்டது. எண்ணுக்குப் பதிலாக வந்த அறிவு இப்போது வேண்டாப் பொருளாயிற்று. பூவை அறியாமலே பூச்சீட்டில் வெல்லலாம்!

சில மாதங்களின்பின் ஒசாக்காவிலிருந்து திரும்பிய நண்பரொருவர் எனக்கு உண்மைச் சீட்டுக்கட்டொன்று தந்தார். நம் சாதாரணச் சீட்டிலும் மிகச் சிறியது, ஆனால் தடித்தது. நிலத்தில் அடித்துப் போட்டால் ‘பட்’ என்று ஓசை எழும். அதனைப் பரப்பி மருமகனோடு ஆடினேன். திரையில் வீரனாயிருந்தவன் இங்கே தயங்கினான். விஸ்டேரியா மேலிருந்து கீழே தொங்குவது. ஹகி கீழிருந்து மேலே வளர்வது. சீட்டைத் தலைகீழாய்ப் பிடித்தால் ஒன்று மற்றதுபோல் மயக்கும். திரையிலே எந்தச் சீட்டும் தலைகீழாக விழுவதில்லை. ஆகவே அம்மயக்கமும் இல்லை, அம்மயக்கத்தைத் தெளிந்து கற்பதும் இல்லை. அரைமணி நேரத்தில் அவன் இலையின் வடிவைப் பார்க்கத் தொடங்கினான். பூத்தொங்கும் திசையைப் பார்க்கத் தொடங்கினான்.

மாதப்பெயரை ஒட்டுவதிலும் ஒரு கேடு உண்டு. யப்பான் 1873ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் இன்றைய நாட்காட்டியை ஏற்றது. சீட்டின் மாதங்கள் அதற்கு முந்திய, நிலவை அடிப்படையாகக் கொண்ட நாட்காட்டிக்குரியவை. எட்டாம் மாதத்து நிலவு இலையுதிர்காலத்தின் நடுநிலவு. இன்றைய கணக்கில் அது பெரும்பாலும் செப்டெம்பரில் அல்லது ஒக்டோபரின் தொடக்கத்தில் வரும். அந்நிலவின் மூலையில் ‘ஓகஸ்ட்’ என்று எழுதினால், வெயில் கொளுத்தும் மாதத்தில் இலையுதிர்கால நிலவு எழுந்துவிடுகிறது. செரிக்கும் பிளமுக்கும் இதே தொல்லை.

செந்நாடா எழுதிய சீட்டுகளையும் திரை மங்கச் செய்துவிட்டது. பைன், பிளம் இரண்டின் நாடாவிலும் ‘அக்கயொரோஷி’ என்று எழுதியிருக்கும். செரியின் நாடாவில் ‘மியொஷினோ’ என்று, செரிமலருக்குப் பேர்பெற்ற யோஷினோ மலையின் பெயர். முன்னதிலுள்ள ‘க’ என்ற எழுத்து பழைய வடிவினது. 1900இல் எழுத்து ஒழுங்குசெய்யப்பட்டபின் பிறந்த யப்பானியர் பலர் அதனை ‘நோ’ என்று படித்துவிடுகின்றனர். பழைய அச்சுநூல்களில் ‘ணை’, ‘றா’ முதலியவற்றின் முந்திய வடிவங்களைக் கண்டு நம் மாணவர் திகைப்பதில்லையா? அதுபோன்றது. விரலளவு திரையிலோ அந்த எழுத்து ஒரு கறுப்புக் கோடு மட்டுமே.

இவ்வளவு சொல்லியும் திரையாட்டத்தை நான் வெறுக்கவில்லை. கூட்டங்களின் பட்டியல் மனத்தில் ஏறும்வரை கணக்குச் சொல்லித்தர ஓர் ஆசான் வேண்டும். எதிரே அமர ஆள் கிடைக்காத ஊரில் எதிராளி வேண்டும். என் போன்றோர் இதனை அறிந்ததே திரைவழி. கொரியாவில் இதே சீட்டு ‘ஹ்வது’ என்ற பெயரில், பதினொன்றாம் பன்னிரண்டாம் மாதங்கள் இடம்மாறி வழங்குகிறது. அங்கே இணையவழி ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் உண்டு. கலை உயிர்வாழ ஆடுவோர் வேண்டுமன்றோ?

ஆனால் ‘கொய்-கொய்’ என்று கூவும் கணம் இயந்திரத்தோடு வாய்ப்பதில்லை. போதும் என்பதா, இன்னும் என்பதா என்ற முடிவு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து எடுப்பது. அவர் கை நடுங்கிற்றா, மூச்சை அடக்கினாரா? இயந்திரத்துக்கு ஆசையுமில்லை, அச்சமுமில்லை. மமொரு ஹொசொதா 2009இல் இயக்கிய ‘சமர் வோர்ஸ்’ என்னும் சித்திரப்படத்தில் இதனை நன்கு கண்டிருக்கின்றனர். கணினி உலகைக் கைப்பற்றிய ஓர் இயந்திர அறிவை எதிர்த்து ஓர் இளம்பெண் கொய்-கொய் ஆடுகிறாள். அவள் முதுகுக்குப் பின்னே குடும்பமே நிற்கிறது. ஆடப்படுவது திரையில்; ஆடுகின்றதோ அந்த மூதாட்டி வீட்டுப் பழக்கம்.

பத்தாம் மாதத்து மானை முன்னர்க் குறிப்பிட்டேன். முகந்திருப்பி நிற்கும் அம்மானின் பெயரிலிருந்தே, ஒருவரைக் கண்டும் காணாததுபோற் போவதற்கு ‘ஷிக்காதோ’ என்ற யப்பானியக் கொச்சைச் சொல் பிறந்ததென்பர். சீட்டைத் தொடாத இளைஞரும் இன்று அச்சொல்லை வழங்குகின்றனர்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, கியோத்தோவுக்கு அருகிலுள்ள உஜி நகரில் நின்டெண்டோ தன் பழைய தொழிற்சாலையொன்றை அருங்காட்சியகமாகத் திறந்தது. ஒருகாலத்தில் சீட்டு அச்சிட்ட இடம் அது. அங்கே வருவோர் உண்மைச் சீட்டைக் கையில் வைத்தே ஆடுகின்றனர். மேலிருந்து நோக்கும் ஒளிப்படக்கருவி சீட்டை அடையாளங் கண்டு, மேசைமேல் ஒளிவீசி வழிகாட்டுகிறது. அட்டையும் உண்டு, ஒளியும் உண்டு. மற்றோர் அறையில் வண்ணமும் தூரிகையும் தந்து, வெட்டிய அச்சுத்தாள்மேல் தீட்டித் தம் சீட்டைத் தாமே செய்யவும் விடுகின்றனராம். இச்செய்தியை மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கைத்தொலைபேசியை எடுத்து, ஒளிரும் குறிப்பை நிறுத்தும் இடத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தினான். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றான். நான்காவதில், நாணற்புல்லின் மேலிருந்த நிலவை அவனே கண்டெடுத்தான்.