தண்ணீரிலும் பழச்சாற்றிலும் களைக்கொல்லி: ஆய்வறிக்கையை எப்படிப் படிப்பது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாள்களில், சிற்றாற்றுப் பாசன வயல்களில் கார் நெல் நடவும் தொடங்கிவிடுகிறது. நட்ட சில நாள்களுக்குள் பியூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லிகள் இடப்படுகின்றன. “கிணற்றுத் தண்ணீரில் மருந்து கலந்திருக்குமா? நோயாளிக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கலாமா?” என்று எங்களிடம் கேட்போர் உண்டு. நியாயமான கேள்விகளே.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் பியூட்டாகுளோர் 125 மைக்ரோகிராமையும், 2,4-டி 30 மைக்ரோகிராமையும், அட்ரசின் 2 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. 2003-இல் புட்டி நீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதைத் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளிப்படுத்தியது. அதன்பின், புட்டி நீரில் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பு 2004-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம் என்பதே அந்த அளவு.

இத்தனை நுண்ணிய அளவைக் கருவி காண வேண்டுமெனில், எச்சத்தை முதலில் சிறிதளவு கரைப்பானுக்குள் திரட்டியாக வேண்டும். குழம்பில் மிளகாயின் செந்நிறம் எண்ணெயில் ஏறி மேலே மிதப்பதைப் போன்றதே இது. பழைய முறையில் ஒரு லிட்டர் நீருடன் டைகுளோரோமீத்தேனை 60 மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை குலுக்குவர். அதன் ஆவி ஆய்வக ஊழியரின் உடலுக்குள் சென்றால் கார்பன் மோனாக்சைடாக மாறக்கூடியது.

இதற்கு மாற்றாக வந்தவையே பசுமைக் கரைப்பான்கள். ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் ஆகிய மூன்றையும் ஒரு புட்டியில் இட்டுவைத்தால் அவை தாமே நீர்மமாவதை நம் மூத்தோர் அறிவர். அவற்றுள் ஓம உப்பு தைமால். புதினா உப்பு மெந்தால். இவ்விரண்டும் சேர்ந்த நீர்மம் நீரில் கரையாது. அதில் சில துளிகளை மாதிரி நீரில் குலுக்கிச் சுழற்றினால், களைக்கொல்லி அத்துளிகளில் ஏறி மேலே திரள்கிறது. பழச்சாற்றில் சக்கையும் சர்க்கரையும் தோலெண்ணெயும் குறுக்கிடுவதால், முதலில் அதை வடிகட்டி நீர் சேர்த்துக்கொள்வர்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இது கண்டறியும் முறை. சுத்திகரிக்கும் முறை அன்று. ‘பசுமை’ என்ற பெயரை நம்பி ஓம உப்பைச் சாற்றில் கலந்து நோயாளிக்குக் கொடுக்க வேண்டா. இரண்டாவது, கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் நீரிலேயே நன்கு கரைந்து நிற்பவை. இத்தகைய கரைப்பானில் எளிதில் ஏறுவதில்லை. அவற்றுக்கு வேறு சோதனை வேண்டும். ஆகவே, அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால், எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள், எந்த அளவு வரை தேடினார்கள் என்று கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; களைக்கொல்லி நீங்காது. தூள்கரி வடிப்பான் அட்ரசின் போன்ற பலவற்றைப் பிடித்துக்கொள்ளும். உரிய காலத்தில் அதனை மாற்ற வேண்டும். புளியங்குடி எலுமிச்சையாயினும் வேறெந்தப் பழமாயினும், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவியபின் நறுக்குங்கள். எச்சத்துக்கு அஞ்சிப் பழங்களை அடியோடு நிறுத்திவிட வேண்டா. உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொற்படி நடக்கலாம்.

மைக்ரோகிராமுக்கு அஞ்சும் நாம், வயல் வரப்பில் கிடக்கும் தண்ணீர்ப் புட்டியை மறந்துவிடுகிறோம். மீந்த களைக்கொல்லியைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதே பேராபத்து. பாராகுவாட் செறிவுக் கரைசல் ஒரு வாய் உள்ளே போனாலும் உயிர் போகலாம். அதற்கு முறிமருந்து இல்லை. எவரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் புகட்டாதீர்கள். 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். அதிலுள்ள பெயரைக் கொண்டே எங்கள் சிகிச்சை தொடங்கும்.

இன்று வீடு திரும்பியதும் ஒருமுறை பாருங்கள்: மருந்து, வாங்கிய புட்டியிலேயே இருக்கிறதா? குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா?