சோலை என்ற சொல் அறிவியல் பெயருக்குள் போனது எப்படி?

கொடைக்கானல் தோட்டப் புதர்களில் கூட்டமாகத் திரிந்து, சிரிக்கிற மாதிரி கத்தும் பறவை ஒன்று உண்டு. சிரிப்பான் என்பார்கள். 1869-ல் பிளான்ஃபோர்ட் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பழனி மலையில் பறவைகள் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கை நினைத்து 'ஃபேர்பேங்கி' என்று வைத்தார். அந்தப் பின்பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. முன்பெயர், அதாவது பேரினப் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. 2017-ல் அது 'மாண்டேசிங்க்ளா' ஆனது. எதை வைத்து மாற்றினார்கள்? டிஎன்ஏவை வைத்து.

இதற்குப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. மெல்லிய வலையில் பிடித்து, இறக்கை நரம்பிலிருந்து துளி இரத்தம் எடுத்துவிட்டுப் பறக்க விட்டுவிடலாம். நம்முடைய இரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையுடையதில் உண்டு. அதனால் அந்தத் துளியே போதும். உட்கரு டிஎன்ஏ தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சின்ன வட்ட டிஎன்ஏ தாய்வழி மட்டும் வரும். இரண்டும் ஒரே உறவுமுறையைச் சொன்னால், முடிவை நம்பலாம்.

வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு இந்த வழியில்தான் போனது. தென்னாட்டுச் சிரிப்பான்கள் நான்கு இனங்கள் கொண்ட தனிக் கிளை என்று தெரிந்தது. இன்னொரு பறவை, சோலையின் அடிநிழலில் வாழும் நீல உடல், வெள்ளை வயிற்றுக்காரர். அவர் ஈப்பிடிப்பான்களுக்குச் சொந்தம் என்று தெரிந்தது. அவருக்கு வைத்த பேரினப் பெயர் 'ஷோலிகோலா'. ஷோலா நம்ம 'சோலை'தான். 'கோலா' என்றால் இலத்தீனில் குடியிருப்பவர். சோலைவாசி!

ஏன் இத்தனை இனங்கள்? குளிர்ந்த சோலையில் வாழும் பறவைக்குக் கீழே இருக்கும் சூடான கணவாய் கடல் மாதிரி. பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையில் பழனி, ஆனைமலைப் பறவைகள். வடக்கே நீலகிரியில் வேறு, தெற்கே அகத்தியமலைப் பக்கம் வேறு.

ஆனால் ஆய்வகத்தில் தெரிந்தால் மட்டும் பெயர் செல்லாது. விலங்குப் பெயரிடல் விதிப்படி, விளக்கத்தோடு அச்சில் வர வேண்டும். இணைய இதழ் என்றால், 2012 முதல் ஜூபேங்க் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். டிஎன்ஏ எழுத்து வரிசையை ஜென்பேங்க் போன்ற பொதுத் தளத்தில் போடும்படி இதழ்கள் கேட்கும். அப்போதுதான் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியும்.

பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு? பல மலைப் பறவைகளை ஒரே இனமாக எண்ணினால், ஒரு மலையில் அழிந்தாலும் 'அங்கே நிறைய இருக்கிறதே' என்று சொல்லிவிடலாம். தனி இனம் என்று ஆனபின் அப்படிச் சொல்ல முடியாது. பழனி மலையின் புல்வெளிகளை வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் பெரிதும் விழுங்கிவிட்டன. சோலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. அந்தத் துண்டுகளை விட்டால் சோலைவாசிக்கு வேறு வீடு இல்லை.