தார்ச்சாலை விரிசல்: மேலே பூசினால் போதுமா?

எங்கள் தெருவுக்குப் போன வருஷம் புதுசாகத் தார் போட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால், பழைய விரிசல் இருந்த அதே இடத்தில், அதே வடிவத்தில் புது விரிசல்! ஏன் இப்படி என்று தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

விரிசல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வடிவத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பெரிய பெரிய கட்டங்களாக இருந்தால், தார் வயசாகி இறுகிவிட்டது என்று அர்த்தம். வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நெகிழ்வைக் கெடுத்துவிடுகின்றன. இதில் வண்டிப் பாரத்தின் பங்கு குறைவு.

சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்தால், சிக்கல் அடியில். ஒவ்வொரு வண்டி போகும்போதும் தார் அடுக்கு லேசாக வளைகிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். இந்த விரிசல் பெரும்பாலும் அடியில் தொடங்கி மேலே வருகிறது. நம் கண்ணில் படும்போதே நோய் முற்றியிருக்கும்.

இதில் பாரத்தின் கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் லாரிகளை ஓட்டியே சாலைகளைச் சோதித்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: அச்சின் பாரம் 2 மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு.

அடுத்த எதிரி தண்ணீர். விரிசல் வழியாக இறங்கி அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் தளர்த்திவிடும். தளர்ந்தால் தார் இன்னும் வளையும், விரிசல் இன்னும் பெருகும், கடைசியில் பள்ளம்.

வைத்தியமும் ரகத்தைப் பொறுத்ததுதான். முதல் ரகத்துக்கு, காய்ந்த நாளில் விரிசலைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தாரைச் சூடாக ஊற்றி அடைத்தால் போதும். சீக்கிரம் செய்தால் செலவும் கம்மி. முதலைத் தோலுக்கு இது பலிக்காது. கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டி, உறுதியான அடுக்கு வரும்வரை தோண்டி, தண்ணீர் வடிய வழி செய்து, அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும்.

அதைச் செய்யாமல் மேலே புது அடுக்கு போட்டால், அடியிலுள்ள விரிசல் அசைந்து அசைந்து மேலே வந்துவிடும். எங்கள் தெருவில் நடந்தது இதுதான். மிச்சம், ரோடு உயர்ந்து எங்கள் வாசல் தாழ்ந்ததுதான்!

அடுத்த மழை விட்டதும் உங்கள் தெருவைப் பாருங்கள். ரோடு காய்ந்த பிறகும் விரிசல்கள் மட்டும் ஈரக் கோடுகளாகத் தெரியும். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதற்கு அதுதான் வரைபடம்.